வேர் விட்டதா என்று பார்க்கிறவர்

பல் தேய்த்த ஈரம் காயுமுன் மெக்கானிக் வீட்டின் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். சுவரோரம் பன்னிரண்டு பழைய ஆயில் டப்பாக்கள். டப்பாவுக்கு ஒரு குண்டுமல்லிக் குச்சி. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து, மண்ணிலிருந்து மெல்ல உருவி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். "இன்னும் ஒண்ணையும் காணோமே" என்று முனகியபடி திரும்பச் செருகுவார். அடுத்த டப்பாவுக்கு நகர்வார்.

முப்பது வருஷமாக ஸ்கூட்டரும் பைக்கும் பிரித்துப் போட்ட கை அது. எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பாது. வீட்டில் மிக்சி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிவிடுவார். "சும்மா, உள்ளே எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்பார். திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிச்சமாகும். அது இல்லாமலும் மிக்சி ஓடும். அதில் மனிதருக்குப் பெருமை வேறு!

மல்லிச் செடி அவர் மனைவி வைத்தது. வேலை முடிந்து வருகிறவரை அவள் வாசலிலேயே மறிப்பாள். ஒரு கைப்பிடிப் பூவை அவர் சட்டைப் பையில் போட்டு, "பெட்ரோல் நாத்தம் போகட்டும், அப்புறம் உள்ளே வாங்க" என்பாள். வாடிப் பழுப்பேறினாலும் துவைக்கப் போடும்வரை அந்தப் பூ பையிலேயே கிடக்கும். அவள் போய் மூன்று வருஷமாகிறது. இன்னமும் சட்டையைக் கழற்றுமுன் அவர் கை பைக்குள் போய்விடுகிறது, பாவம்.

இப்போது வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார். இரண்டு மாதத்தில் காலி செய்தாக வேண்டும். சுவருக்கடியில் வேரோடிப்போன பழைய செடியைப் பெயர்த்தால் பிழைக்காது. அதனால்தான் இந்தக் குச்சிகள். பென்சில் தடிமனில் தேர்ந்தெடுத்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் ஊன்றினார். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஊன்றிவிட்டுச் சும்மா இருந்தால்தானே!

"நூல் மாதிரி வேர் விடும் சார். நீங்க உருவுறப்பவே அது அறுந்துபோகும்" என்று பக்கத்து வீட்டு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாத்துட்டு உடனே வெச்சிடறேனே டீச்சர்" என்றார் இவர், அப்பாவியாக.

ஒவ்வொன்றாகக் கறுத்துப் பதினொன்று போய்விட்டன. கடைசிக் குச்சியில் மட்டும் இரண்டு துளிர். அதையும் உருவக் குனிந்தபோது, பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"விடுங்கப்பா!"

"துளிர் வந்தா வேர் வந்துச்சுன்னு ஆகாதும்மா. குச்சியில இருக்கிற சத்துலயே வரும். ஒரே ஒரு தடவை..."

"அம்மாவையும் ஆஸ்பத்திரியில இப்படித்தான் பண்ணீங்க. வலி கொறஞ்சிருக்கா, கொறஞ்சிருக்கான்னு மணிக்கொரு தரம் எழுப்பிக் கேட்டீங்க. தூங்க விடுங்களேன்னு அவங்க எவ்வளவு கெஞ்சினாங்க!"

சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் குழாயடிக்குப் போய், மண்ணே ஒட்டாத கையை வெகுநேரம் கழுவினார். அவள் சொன்னது நிஜம்தான். பயத்தில் செய்தது, அதை இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

காலி செய்த அன்று, சாமான் ஏற்றிய வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் அந்த ஒற்றை டப்பா.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "மல்லியாண்ணே? வேர் புடிச்சிருச்சா?"

"தெரியலப்பா."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது, குச்சி ஆடியது. அவர் டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.