இட்டோ சுமந்த பிள்ளை

எங்கள் செஃப்ரூ ஊர் ஹம்மாமில், அதாவது பொதுச் சுடுநீர்க் குளியல் கூடத்தில், பெண்களுக்கு முதுகு தேய்த்துவிடுவது என் வேலை. பெண் யாராவது இறந்துபோனால் கடைசிக் குளிப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் என்னைத்தான். இந்த ஊரில் எனக்குத் தெரியாத உடம்பே இல்லை என்று ஜம்பம் அடித்துக்கொள்வேன். ஆனால் ஒருத்தியின் வயிற்றை மட்டும் முப்பத்து நான்கு வருடம் நான் தொட்டதில்லை. அவள் தொட விடவில்லை. அவள் பெயர் இட்டோ. என் அண்ணன் மீமூனின் மனைவி.

அண்ணன் பிரான்சில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். கோடை விடுமுறைக்கு வந்துபோன பிறகு அண்ணி முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதம் சுரங்கம் சரிந்து அண்ணன் போய்விட்டான். அம்மா அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாலும் இட்டோவுக்கு வேளாவேளைக்கு ஊட்டினாள். மகன்தான் போய்விட்டான், அவன் ரத்தமாவது மிஞ்சட்டும் என்றாள்.

ஒன்பதாம் மாதம் வலி வந்தது. இரண்டு நாள் துடித்தாள். மருத்துவச்சி கை வைத்துப் பார்த்துவிட்டுக் கருப்பை வாய் திறக்கவே இல்லை என்றாள். மூன்றாம் நாள் காலையில் வலி நின்றது. பிள்ளையின் அசைவும் நின்றது.

"பயப்படாதீங்க. அப்பன் செத்த துக்கத்துல பிள்ளை உறங்கிப்போச்சு. முழிக்கும்போது அதுவா பொறக்கும்" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி டீயும் குடித்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் பிள்ளைகள் வயிற்றில் உறங்குவது உண்டு. புருஷன் ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்தால், உறங்கி எழுந்த பிள்ளை என்போம். பள்ளிவாசல் இமாமும் தலையாட்டுவார். விஷயம் தெரிந்தவர்களும் வாயை மூடிக்கொண்டு ஏழாம் நாள் பெயர் சூட்டும் விருந்தில் ஆட்டுக்கறி தின்றுவிட்டு வருவார்கள். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற நாங்கள் எல்லோருமாகக் கட்டிக்காக்கும் பொய் அது. அதனால்தான் இட்டோ அதையே உண்மையாகச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

அம்மா ஒரு வருடம் பொறுத்தாள். பிள்ளை பிறக்கவில்லை. வயிறும் கொஞ்சம் வற்றியது.

"வயித்துல துணியக் கட்டிக்கிட்டு எம் மகன் வீட்டப் புடிக்கப் பாத்தியாடி? பெத்துக் காட்டு, இல்ல வெளிய நட!" என்று அம்மா கத்தினாள்.

அவள் மூட்டையைத் தெருவில் வைத்தது நான்தான். எதற்கு மறைக்க வேண்டும்? எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அன்றோடு அவளை அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்தினேன்.

இட்டோ எங்கும் ஓடிப்போகவில்லை. ஹம்மாம் சுவருக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து, மாவை எண்ணெய் தொட்டு மெல்லிசாக விரித்து, சதுரமாக மடித்துச் சுட்டு விற்றாள். அந்த ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்றது. பெண்டாட்டியை இழந்த சேணம் தைக்கிறவர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர், சொந்த வீடு. முடியாது என்றுவிட்டாள்.

"நாளைக்கு இது முழிச்சா யாரை அப்பான்னு கூப்பிடும்? மீமூன் பிள்ளை மீமூன் பிள்ளையாவே பொறக்கட்டும்."

ஊர் சிரித்தது. அதிலும் நான்தான் பலமாகச் சிரித்தேன்.

வெள்ளிக்கு முந்தின நாள் தவறாமல் குளிக்க வருவாள். முதுகைக் காட்டுவாள், வயிற்றின் மேல் மட்டும் இரண்டு கையையும் வைத்துக்கொள்வாள். சுடுதண்ணீர் படக்கூடாதாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன இட்டோ, உன் துரை இன்னும் முழிக்கலியா? மீசை முளைச்சிருக்குமே, சவரக்கத்தி அனுப்பட்டுமா?"

"மெதுவாப் பேசு ரக்கியா, உறங்குது" என்பாள். அவ்வளவுதான். திட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை, சூடான அறையில் இட்டோ அப்படியே சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அப்போதுதான் என் கை முதன்முதலாக அவள் வயிற்றில் பட்டது. உள்ளே ஏதோ கல்லாக இடித்தது. எத்தனை வயிறு பார்த்த கை இது! இப்படியொன்றைத் தொட்டதே இல்லை.

ஃபெஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் கொண்டுபோனேன். படம் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வளைந்த முதுகெலும்பு, மண்டை, மடக்கின கால்கள். அந்தம்மா கண்ணில் தண்ணீர்.

"இது கருப்பைக்கு வெளியவே வளந்திருக்கு அம்மா. பொறக்க வழியே இல்ல. உள்ளயே எறந்துபோச்சு. வெளிய தள்ள முடியாம, தாய்க்கு விஷமாகக் கூடாதுன்னு இவங்க உடம்பே அதைச் சுத்திச் சுண்ணாம்பா மூடிடுச்சு. உங்க வீட்டு டீ கெட்டிலுக்குள்ள வெள்ளையாப் படியுமே, அதே மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா, வருஷக்கணக்கா. புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

யா அல்லாஹ்! நாங்கள் தெருவில் விரட்டிய உடம்பு யாருக்கும் தெரியாமல் இத்தனை வேலை செய்திருக்கிறது. ரொட்டி சுட்டுக்கொண்டே, என் கேலியைக் கேட்டுக்கொண்டே.

மறுநாள் அறுவை செய்து எடுத்தார்கள். மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு பெரிய டாக்டர் கேட்டார். "எங்க வீட்டுப் பிள்ளை என்ன பொம்மையா?" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

குளிப்பாட்டுவது என் வேலை. நான்தான் குளிப்பாட்டினேன். சுண்ணாம்புக்குள் முகம் மறைந்திருந்தது, ஆனால் ஒரு பாதம் தெளிவாகத் தெரிந்தது. கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். என் பாதமும் அப்படித்தான். மீமூன் பாதமும் அப்படித்தான். ஹம்மாமில் முப்பது வருடமாக வெறுங்காலோடு நிற்கிறவளுக்குத் தன் காலைத் தெரியாதா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் கெட்டு ஓவென்று அழுதேன்.

வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இட்டோவின் கட்டிலுக்குப் போனேன். வாங்கி நெஞ்சோடு அணைத்தாள்.

"பொண்ணுன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. பொண்ணுதான்."

"தெரியும். நீ துரைன்னு சொல்லும்போதெல்லாம் மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன்."

"அண்ணி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு வச்சிருக்கேன் ரக்கியா. பொறக்காத பிள்ளைக்குப் பேரு சொல்லக்கூடாதுன்னு வாயத் தொறக்கல. உங்கண்ணன் கடைசியா பேசி அனுப்பின கேசட்டுல சொன்ன பேருதான். பொண்ணா இருந்தா எங்கம்மா பேரு வைன்னு சொன்னாரு. தூடா."

தூடா என் அம்மா. இவளை வெளியே நட என்று விரட்டியவள். அவள் மண்ணுக்குள் போகும்வரை, அவள் பெயரையே இவள் வயிற்றில் வைத்துக்கொண்டு, எங்கள் வாசலைத் தாண்டித்தான் ரொட்டி விற்கப் போனாள். பெயர் என்ன வைக்கப்போகிறாய் என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஆனால் கபர்ஸ்தான் கதவுவரை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். அங்கே காவல்காரர் நோட்டை விரித்தார்.

"பேரு?"

"தூடா. மீமூன் மக."

"வயசு?"

என்ன சொல்வது? ஒன்பது மாதமா, முப்பத்து நான்கு வருடமா? துணிச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஹம்மாமில் என் கேலியைக் கேட்டுச் சிரித்தவர்களில் அவர் பெண்டாட்டியும் ஒருத்தி. வயசுக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

"கொண்டுவந்தது யாருன்னு எழுத?"

"அத்தைன்னு எழுதுங்க" என்றேன்.