ஆமா என்று சொல்லி இழந்த கிழங்கு

காய்கறிக் கடையில் கொசுறு வாங்காமல் வெளியே வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மொன்ட்ரியாலில் இருபத்திரண்டு வருஷமாகப் பாலங்களின் வரைபடங்களைச் சரிபார்க்கும் இன்ஜினியர் நான். டை கட்டுகிறவன். ஆனாலும் எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பேட்டைக் கடையில் தக்காளி வாங்கினால், என் ஓட்டைப் பிரெஞ்சில் "அப்படியே ரெண்டு பச்சை மிளகாய்..." என்று இளித்துக்கொண்டு கை நீட்டிவிடுவேன். அந்தக் கணமே என் மகள் பால் பெட்டிப் பக்கம் நகர்ந்துவிடுவாள். யார் பெற்ற பிள்ளையோ என்கிற மாதிரி நின்று, தயிர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பாள்.

அவள் வான்கூவருக்குப் படிக்கப் போவது என்று முடிவானதும், அதற்கு முன்னால் என் மனைவியும் சேர்ந்து மூன்று பேரும் எங்காவது போய்வரலாம் என்றேன். பெரு என்றாள். பள்ளியில் ஸ்பானிஷ் படித்தவள். ஆண்டிஸ் மலைச் சந்தைகளைப் பார்க்க வேண்டுமாம். கூடவே ஒரு நிபந்தனை.

"அப்பா, அங்க கொசுறு கேக்கக் கூடாது. கேட்டா உங்ககூட நடக்க மாட்டேன். சீரியஸ்."

சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு சந்தையிலாவது அவள் என் பக்கத்தில் நடக்க வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கூஸ்கோவிலிருந்து வேனில் ஏறிப் போன ஒரு மலையூர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. திருச்சி மலைக்கோட்டையை ஒரே மூச்சில் ஏறினவனாக்கும் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தவன், இங்கே பத்தடிக்கு ஒருமுறை நின்று, தொப்பிகளை ரசிப்பது மாதிரி நடித்தேன். பெண்கள் தரையில் கம்பளித் துணி விரித்துக் கிழங்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். சிலர் காசே இல்லாமல், கிழங்கைக் கொடுத்து மக்காச்சோளம் வாங்கிப் போனார்கள். மகள் என்னை ஒட்டியே நடந்தாள். நான் வாயைத் தைத்துக்கொண்டு நடந்தேன்.

என் வயதுள்ள ஓர் அம்மாளிடம் ஊதா நிறக் கிழங்கு ஒரு குவியல் வாங்கினேன். அவளுக்கு அந்த மலைக்காரர்களின் கெச்சுவா மொழிதான் வரும். சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன். என் சரித்திரத்தில் முதல் முறை. கிழங்கைப் பையில் கொட்டியவள், இன்னும் கொஞ்சத்தை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "யப்பா?" என்றாள்.

பாவம், இடுப்பு வலி போல என்று நினைத்தேன். அந்த மலையில் எனக்கே அடிக்கொரு யப்பா வந்துகொண்டிருந்தது. "ஆமா, ஆமா" என்றேன் அனுதாபத்தோடு. அவள் முகம் சுருங்கியது. மறுபடியும், "யப்பா?"

"ஆமாம்மா, ஆமா!"

கிழங்கைக் குவியலிலேயே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் பக்கத்துக் கடைக்காரியிடம் ஸ்பானிஷில் விசாரித்தாள். கேட்கக் கேட்க மகளின் தோள் சிரிப்பில் குலுங்கியது. யப்பா என்றால் கொசுறாம். வாங்கிக்கொண்டால் மறுபடி இதே கடைக்கு வருவேன் என்று அர்த்தமாம். 'அமா' என்றால் அவர்கள் மொழியில் வேண்டாம், செய்யாதே. அடப்பாவி! ஜென்மத்தில் முதல் தடவை தானாகத் தேடி வந்த கொசுறை நான் இரண்டு தரம் உதறியிருக்கிறேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. விடுவாளா? "இருவது வருசமாச் சொல்லுறன், வாயைத் திறந்தா ஓம் எண்டு சொல்லுங்கோ எண்டு. கேட்டியளே? இப்ப கிழங்கும் போச்சு, மானமும் போச்சு."

மகள் சந்தை நடுவில் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என் பையைப் பிடுங்கிக்கொண்டு போய், அந்த அம்மாளுக்கு முன்னால் விரித்துப் பிடித்து, இளித்தாள். அசல் என் இளிப்பு.

"யப்பா?" என்றாள்.

இரண்டு கை கிழங்கு விழுந்தது. மகள் என்னைக் கைகாட்டி, அப்பா என்று ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். அந்த வரிசையே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அவளை விமானம் ஏற்றப் போனோம். ரசப்பொடி எந்தப் பெட்டியில், ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில் என்று நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். சோதனை வரிசைக்கு வந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் உதடு கோணத் தொடங்கியிருந்தது.

"அமா, அப்பா" என்றாள், அந்த மலை மொழியில். "அமா."

"ஆமா, ஆமா" என்று நம் மொழியில் சொல்லிக்கொண்டே ஓவென்று அழுதேன். காபிக் கடை வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் நகர்ந்து போகவில்லை. என் பக்கத்திலேயே நின்றாள்.