எழுப்பக் கூடாதவர்

என் அப்பா நூல் ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் பகலெல்லாம் ஊமைப் படம்தான் ஓடும். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கி வைத்திருப்போம். குக்கர் விசிலடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள், பாதி நாள் அரைவேக்காட்டைத்தான் தின்றோம். நானும் தம்பியும் சண்டை போட்டால்கூடச் சத்தமில்லாமல் கிள்ளிக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தாலே அம்மாவின் விரல் அவள் உதட்டுக்குப் போய்விடும்.

ஒருமுறை பக்கத்து வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்து, புகை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அப்புறம் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள், அப்பாவை எழுப்பலாமா வேண்டாமா என்று. எதிர்வீட்டுக்காரர்தான் உள்ளே போய் எழுப்பினார். வெளியே வந்த அப்பா தீயைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். கண்டவனையெல்லாம் படுக்கையறைக்குள் விடுவாயா என்று ஆரம்பித்த அர்ச்சனை ஒரு வாரம் நடந்தது.

மற்றபடி மனிதரைக் குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. தூக்கத்தில் கைவைத்தால் மட்டும் ராட்சசன். ஓய்வு பெற்ற பிறகு இரவிலும் தூங்கினார், பழைய பகல் தூக்கத்தையும் விடவில்லை.

நான் கல்யாணமாகி வெகுதூர நாட்டில் இருக்கிறேன். என் வீட்டைப் பார்க்க இருவரையும் வரச் சொன்னேன். அம்மாவுக்கு அப்போதுதான் முழங்கால் அறுவை முடிந்திருந்தது. விமானத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நானும் போனில் அப்பாவிடம் சொன்னேன். பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவர் பார்த்துக்கொண்டது அவருடைய தூக்கத்தை. கடை கடையாக ஏறி இறங்கிக் கழுத்துத் தலையணை வாங்கினார். அதை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் சோபாவில் ஒத்திகை பார்த்தார். கண்ணுக்குப் பட்டை, காதுக்கு அடைப்பான். போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் பணிப்பெண் வந்து எழுப்ப மாட்டாள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஜோடி இருக்கை. கால் நீட்டத் தோதாக நடைபாதைப் பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டு, அம்மாவை ஜன்னலோரம் தள்ளினார். வேடிக்கை பார்க்கட்டுமாம். மேகத்துக்கு மேலே என்ன வேடிக்கை இருக்கிறது?

மிச்சத்தை எனக்குச் சொன்னவர், நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை. விமானம் கிளம்பியதும் தூங்கிய அப்பா, அது இறங்கும்வரை அசையவில்லை. அம்மா ஒரு பொட்டுத் தூங்கவில்லை. காலை அமுக்கிக்கொண்டே வந்தாள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றாள், குடித்தால் எழ வேண்டுமே. அவரைத் தாண்டாமல் வெளியே வர வழியில்லை. நான் எழுப்பட்டுமா என்று ஆசிரியை இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அம்மா பதறிப்போய் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாளாம்.

இறங்கி நடந்தவளுக்கு மூச்சு முட்டியது. பெட்டி வரும் இடத்துக்குப் போவதற்குள் விழுந்துவிட்டாள். தாங்கிப் பிடித்ததும் ஆஸ்பத்திரி வரை கூட வந்ததும் அந்த ஆசிரியைதான். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். என் வீட்டு வாசல்படியைக்கூட அவள் மிதிக்கவில்லை.

அப்பா அழுதார். இல்லை என்று சொல்ல மாட்டேன். அழுதுகொண்டே கேட்டார்: "எழுப்பியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

நான் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போடப் போனேன்.

அம்மாவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன விமானத்தில் நானும் அப்பாவும் திரும்பினோம். அதே மாதிரி ஜோடி இருக்கை. நான் ஜன்னலோரம். அவர் உட்கார்ந்ததும் கழுத்துத் தலையணையை மாட்டினார். போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போட்டார். கீழே சரக்கோடு சரக்காக அம்மா கிடக்கிறாள், இவர் பணிப்பெண்ணிடம் இன்னொரு தலையணை கேட்டார்.

குறட்டை வந்ததும் தோளைத் தட்டினேன். பாத்ரூம் போகணும் என்றேன். பட்டையைக் கழற்றி, பெல்ட்டை அவிழ்த்து, போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். போய் வந்தேன். மறுபடி அசந்தார், மறுபடி தட்டினேன். எனக்குப் போகவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வந்தேன். இப்படியே எத்தனையோ தடவை. அவர் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது. ஆனால் திட்டவில்லை.

"நீ இந்தப் பக்கம் வந்துடும்மா. நான் ஜன்னல்கிட்ட போயிடறேன். ரெண்டு பேருக்கும் தொல்லையில்ல."

"இத அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."



"அவ கேக்கலையே," என்றார்.

எனக்கு ஜன்னலோரமே போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் பட்டையைக் கண்ணுக்கு இறக்கினார். தலை மெல்லச் சாய்ந்து வாய் திறக்கும்வரை காத்திருந்தேன். திறந்ததும் தோளைத் தட்டினேன்.