கருவாட்டுக்காரம்மாவும் என் போன் சொன்ன மழையும்

மார்கழியில் குடும்பத்தோடு நாகூர் கடற்கரை விடுதியில் நான்கு நாள் தங்கினோம். எதிர் மணலில் ஒரு அம்மாள் கருவாடு காயப்போடுவார். தலையில் முந்தானையைச் சுற்றியிருப்பார். பேசும்போதும் ஆளைப் பார்க்க மாட்டார். கண் மீனிலேயே இருக்கும்.

முதல் நாள், சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய போனைத் தடவியபடி, "ரெண்டு மணிக்கு மழை வருதுங்கம்மா" என்றேன். அவர் ஒன்றும் என்னிடம் மழையைப் பற்றி விசாரிக்கவில்லை. புதுப் போனைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாதி காய்ந்த மீனையெல்லாம் அவசரமாக வாரித் தார்ப்பாயால் மூடினார். மாலைவரை வெயில் கொளுத்தியது. மீன் புழுங்கி நாறிவிட்டது.

"யோவ், காத்து வாங்க வந்தியா, வாங்கிட்டுப் போ. என் பொழப்புல ஏன்யா வாய வக்கிற?"

அன்று மாலை மகன் போனில் சிரித்தான். "அப்பா, அது சிங்கப்பூர் மழைப்பா. போன்ல ஊர மாத்தலையா நீங்க?"

மறுநாள் நழுவப் பார்த்த என்னை அவரே கூப்பிட்டார். "இன்னிக்கி என்னா சொல்லுது ஒம் போனு?"

அது சிங்கப்பூர் மழை என்ற உண்மையைச் சொன்னால் மீனாலேயே அடிப்பார். "மழைதாங்க" என்றேன்.

உடனே பாயை விரித்து மீனைப் பரப்பினார். நல்ல வெயில். அடுத்த நாளும் அப்படியே கேட்டார், அப்படியே பரப்பினார், அப்படியே காய்ந்தது.

நாங்கள் கிளம்பிய காலையில்தான் மீனை விட்டு நிமிர்ந்து என்னை முறைத்தார். "நீ பாட்டுக்குப் பொட்டியத் தூக்கிட்ட. நாளைக்கி நான் யாரய்யா கேக்குறது?"

இப்போதெல்லாம் செய்தியில் நாகூர்ப் பக்கம் மழை என்று சொன்னாலே நான் டிவியை அணைத்துவிடுகிறேன். அதைக் கேட்டு அந்த அம்மாள் பாயை விரித்து மீனைப் பரப்பியிருப்பாரோ?