கை காயும்வரை மந்திரம் இல்லை

என் தங்கையின் கை என் கையைவிடச் சீக்கிரம் காய்ந்தது. இதற்கெல்லாம் ஒருத்தி வயிறெரிவாளா என்று கேட்கலாம். நான் எரிந்தேன்.

உத்திரமேரூர் டென்ட் கொட்டாயில் மாயாஜாலப் படம் பார்த்துவிட்டு வந்த கோடை லீவு அது. காவாந்தண்டலத்தில் எங்கள் பம்புசெட்டைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் எல்லோரும் மந்திரவாதிகள் ஆகிவிட்டோம். கையை நீட்டி மந்திரம் விட்டால் எதிரில் இருப்பவர் கல்லாக நிற்க வேண்டும். முதல் நாள் ஆளாளுக்கு மந்திரத்தை வாரி இறைத்ததில் யார் கல், யார் ஆள் என்றே தெரியாமல் சண்டையில் முடிந்தது.

மறுநாள் நான்தான் சட்டம் போட்டேன். மந்திரம் விட்டவர் உடனே தொட்டியில் மணிக்கட்டுவரை கையை நனைக்க வேண்டும். ஈரம் காயும்வரை அடுத்த மந்திரம் கிடையாது. பாவாடையில் துடைக்கக் கூடாது, உதறக் கூடாது, ஊதக் கூடாது. எல்லோரையும் கல்லாக்குபவர் தொட்டிச் சுவர்மேல் ராணியாக உட்காரலாம். மற்றவர்கள் அன்று முழுக்க ராணி சொன்னபடி கேட்க வேண்டும். சட்டம் போட்டவள், வயதில் மூத்தவள், ஆகவே நானே ராணி. கொஞ்ச நாள் அப்படித்தான் போனது.

அப்புறம் என்ன ஆனதோ, என்னைவிட ஒரு வயது சின்னவளான என் தங்கை ஜெயிக்க ஆரம்பித்தாள். என் விரலிடுக்கில் ஈரம் அப்படியே இருக்கும்; அவள் அடுத்தவரைக் கல்லாக்கிக்கொண்டிருப்பாள். சுவரில் ஏறி உட்கார்ந்து என்னைத் தவளையாகத் தத்தச் சொன்னாள். தத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

நிச்சயம் திருட்டுத்தனம்தான். மறுநாள் ஆட்டத்தின் நடுவே அவள் பாவாடையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. சரி, காயும்வரை நானே பிடித்துக்கொள்கிறேன் என்று அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பற்றினேன். சுட்டது. கழுத்தைத் தொட்டேன், அதுவும் சுட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஜுரத்தோடு ஜெயித்தது செல்லாது என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திவிட்டு, அவளை அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். பஞ்சாயத்து எனக்குச் சாதகமாக முடியும் என்றுதான் நினைத்தேன்.

"ஒடம்பு நெருப்பா கொதிக்குது. நீ இன்னாடி பண்ணிக்கினு இருந்த?" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள். தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். எத்தனை வருஷமாயிற்று என்னை அப்படித் தூக்கி! சாயங்காலம் அப்பா டவுனிலிருந்து பன் வாங்கி வந்தார். அவளுக்கு மட்டும். அதையும் பாலில் தொட்டு அம்மாவே ஊட்டினாள். எனக்கும் ஜுரம் வராதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

போகட்டும், ராணிப் பட்டமாவது திரும்பி வந்ததே என்று மறுநாள் காலையில் பம்புசெட்டுக்குக் கிளம்பினேன். பாயில் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, நான் எழுந்து வர வரிக்கும் நீயே ராணியா இருந்துக்கோ."