கைவிட்டதும் இறங்கிய குழாய்

பெருமாநல்லூர் சாலையில் நாங்கள் இருவர் கூட்டாக நடத்திய பட்டறை, சாயப்பட்டறைகளுக்கு இயந்திரம் செய்து பிழைத்தது. ஆறு நாறுகிறது என்று அவற்றை மூடச் சொல்லிக்கொண்டிருந்த காலம். வேறு வேலை பிடிக்காவிட்டால் எங்களுக்கும் பூட்டுதான். அப்போது கனரக பீரங்கியின் சுடும் குழாயைச் சுமக்கும் தாங்கி வடிவமைக்க வாய்ப்பு வந்தது. குழாயை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும்.

அதே எடையில் இரும்புக் குழாய் வைத்து மாதிரி செய்தோம். முன்பக்கம்தான் கனம். பின்னால் குண்டு போட வழி வேண்டுமே என்று எதிர் எடையைப் பின்பக்கத்தின் அடியில் பொருத்தினோம். மட்டமாக வைத்தால் தராசு போல நின்றது. தேங்காய்கூட உடைத்துவிட்டோம்.

வேலை கொடுப்பதாக இருந்த கம்பெனியிலிருந்து பார்க்க வந்த கோயமுத்தூர் இன்ஜினியர் குழாயை மேலே தூக்கிக் கையை விட்டார். அது மெல்ல இறங்கி மட்டத்துக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க, சாயத்தை ஊத்திட்டு நிமிருதுங்களா?"

அறையலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. சாயத்தைக் கவிழ்த்து ஊற்றிய தொட்டி தானாக நிமிர வேண்டும் என்று அடியில் எடை கட்டியே பழகிய கை எங்களுடையது.

எடையை இரண்டாக்கி, குழாயின் பின்பக்கத்திலேயே இடமும் வலமுமாக, அது மேலும் கீழும் ஆடும் அச்சின் மட்டத்துக்கே ஏற்றினோம். நடுவில் வழியும் கிடைத்தது. மறுபடி வந்தவர் குழாயை வானத்தைப் பார்க்க விட்டார், நின்றது. தாழ்த்தி விட்டார், நின்றது.

"வேலை உங்களுக்குத்தானுங்க" என்றார். கூட்டாளி கும்பிட்டார். எனக்கும் மூச்சு வந்தது. குழாய் மட்டும் எதிரே இருந்த பனியன் கம்பெனியைப் பார்த்தபடியே நின்றது. நான்தான் போய் அதைத் தாங்கியோடு எங்கள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.