தூசி என்று சொன்ன புள்ளிகள்

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். ஜெர்மனியில் நான் படிக்கும் இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தக் கூடாது. எக்ஸ்ரே கருவியும் ஓடக் கூடாது; வெள்ளி மாலை ஆய்வகக் காவலர் வந்து அணைத்துவிடுவார். மிஞ்சும் ஐந்து நாளைப் பலர் பங்கிட வேண்டும்; ஆகவே எந்தக் கனிமப் படிகமானாலும் இரண்டு நாள்தான் முறை. அதற்குள் படத்தாளில் பதியும் கரும்புள்ளிகளைக் கொண்டு, அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் சமச்சீரைச் சொல்லிவிடுவது ஆய்வகத்தின் வழக்கம்.

என் படிகத்தின் படத்தில், அடர்ந்த புள்ளி வரிசைகளுக்கு நடுவே ஏதோ மங்கலாகத் தெரிந்தது. பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஷ்டௌப்" என்றார். தூசி. கட்டுரை அச்சுக்குப் போகவிருந்தது; என் பெயர் வரும் முதல் கட்டுரை. அவை தூசியல்ல, புள்ளிகள்தான் என்றால், அணு அடுக்கில் ஒன்றேபோல் இருப்பதாக நாங்கள் எழுதிய இரண்டு பாதிகளும் வேறு வேறு. சமச்சீர் நாங்கள் சொன்னதைவிடக் குறைவு. கட்டுரையே தவறு.

ஊரில், புதுவாயல் கூட்டுரோட்டில், என் அண்ணன் லாரி பட்டறை வைத்திருக்கிறார். கழற்றிய ஆக்சிலை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசி வைப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு விழும். நேரமாகும். கல்லூரி விடுமுறையில் நான் அங்கிருந்த ஒரு நாள் ஓட்டுநர் ஒருவர் அவசரப்பட்டுக் குதித்தார்.

"நல்லாத்தானே கீது நைனா, மாட்டிக் குடு. நெல்லூர்ல சரக்கு எறக்கணும். பேஜாரு பண்ணாதே."

"இன்னா அவசரம்? அது சொல்ற வரைக்கும் குந்திகினு இரு. போய் நாஷ்டா துன்னு."

"ஆக்சிலு பேசுமா?"

"உன்ன மாதிரி வளவளன்னு பேசாது."

அவர் இட்லி தின்று திரும்புவதற்குள் மயிரிழைக் கோடு ஒன்று வந்திருந்தது.

பேராசிரியரிடம் ஒரு தாள் கொடுத்தேன். ஒன்று, வேறொரு படிகம். இரண்டு, புதுப் பெட்டியிலிருந்து படத்தாள். மூன்று, மங்கலானதும் தெளிவாகப் பதியும்படி ஒன்பது நாள் நிறுத்தாமல் எக்ஸ்ரே. அந்த நாட்களில் வரும் மற்றவர்களின் முறைகளை வாங்கிக்கொண்டு, என் அடுத்த மாத முறைகளை அவர்களுக்கு ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தேன்.

"ஞாயிறுமா? உங்கள் ஊரில் கோயில் கிடையாதா?"

"திருவள்ளூரில் இருக்கிறது. ஞாயிறும் திறந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் படத்தாளைக் கழுவி, ஈரத்தோடு விளக்கின் முன் பிடித்தேன். வரிசைகளின் நடுவே, சம இடைவெளியில், இன்னொரு வரிசை. தூசி இப்படி அணிவகுத்து நிற்காது. பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கட்டுரையின் தலைப்பையே கோடிட்டு அடித்தார்.

திருத்திய பிரதியைத் தட்டச்சு செய்த பெண்மணி என் பெயருக்குக் கீழே நிறுத்தினார்.

"எந்த முகவரி? ஒருவருக்கு ஒன்றுதான்."

"இரண்டு" என்றேன். ஆய்வகம் ஒரு வரி. அதன் கீழே புதுவாயல், கும்மிடிப்பூண்டி வழி. தோளைக் குலுக்கிவிட்டு அடித்தார். கட்டுரையைப் படித்தவர்கள் முதல் வரிக்கு எழுதினால் மறுநாளே என் மேசைக்கு வரும். இரண்டாவதற்கு எழுதுவது கடல் கடந்து அண்ணன் கைக்குப் போய், மறுபடி கடல் கடந்து என்னிடம் திரும்பும். அதுவும் எனக்கு வந்த கடிதம்தான்.